மாற்றப்பட்ட வழக்கறிஞருக்குக் கட்டணம்: ஓர் இணையவழிப் பயிற்சியின் மதிப்புரை

வெற்றி கிடைத்தால் மட்டுமே கட்டணம் என்ற ஏற்பாட்டில் வழக்கை எடுத்து, செலவையும் தானே ஏற்று, ஆண்டுக்கணக்கில் நடத்தி, எதிர்த்தரப்பு சமரசத்துக்கு இறங்கிவரும் நேரத்தில் கட்சிக்காரர் வேறு வழக்கறிஞரிடம் போய்விட்டால், அதுவரை உழைத்தவருக்கு என்ன கிடைக்கும்? இந்த ஒரு கேள்விக்காகவே அமைக்கப்பட்ட இணையவழிப் பயிற்சி ஒன்றை அண்மையில் முழுவதுமாகப் பார்த்து முடித்தேன். அமெரிக்க மாநிலங்களின் சட்டத்தை அடிப்படையாகக் கொண்ட இந்தப் பயிற்சியில் ஆறு பதிவு செய்யப்பட்ட அமர்வுகளும், நேரடிக் கேள்வி நேரம் ஒன்றும், தரவிறக்கிக்கொள்ளத்தக்க ஐந்து மாதிரி ஆவணங்களும் உண்டு. நடத்தும் நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடப்போவதில்லை. அவர்கள் தரும் மாதிரி ஒப்பந்தத்தில் உள்ள ஒரு பிரிவைப் பற்றிக் கடுமையாகச் சொல்லவேண்டியிருக்கிறது, அதைச் சொல்வதற்குப் பெயர் தேவையில்லை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேலைப் பதிவேடு பற்றிய மூன்றாவது அமர்வுக்காகவும், வழக்குக் கட்டை, அதாவது வழக்கின் ஆவணத் தொகுப்பை, ஒப்படைப்பது பற்றிய ஐந்தாவது அமர்வுக்காகவும் இதைத் தயங்காமல் வாங்கலாம். ஆனால் ஒப்பந்த மாதிரியை அப்படியே எடுத்துக் கட்சிக்காரரிடம் கையெழுத்துக்கு நீட்டக்கூடாது.

முதல் அமர்வு, கட்சிக்காரரின் உரிமையிலிருந்து தொடங்குவது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கட்டணப் பாதுகாப்பு என்று பேசத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் கட்சிக்காரரை எதிராளியாக நிறுத்திவிடுகிறார்கள். இங்கே பயிற்றுநர் அப்படிச் செய்யவில்லை. காரணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், எந்தக் கட்டத்திலும் தன் வழக்கறிஞரை மாற்றிக்கொள்ளும் உரிமை கட்சிக்காரருக்கு உண்டு என்பதையும், அந்த உரிமையைப் பயன்படுத்துவது ஒப்பந்த மீறல் ஆகாது என்பதையும் நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1916-இல் மார்ட்டின் எதிர் கேம்ப் வழக்கில் தெளிவாக்கிய கதையை அவர் விரிவாகச் சொல்கிறார். ஒப்பந்த மீறல் இல்லையென்றால் ஒப்பந்தப்படியான முழுத்தொகையை நட்ட ஈடாகக் கேட்க முடியாது. ஆனால் செய்த வேலைக்கு நியாயமான மதிப்பைக் கேட்கலாம். அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் மாதிரி நடத்தை விதிகளில் விதி 1.16-க்கான விளக்கக்குறிப்பும், மாற்றும் உரிமையையும் செய்த வேலைக்குப் பணம் தரும் பொறுப்பையும் ஒரே மூச்சில்தான் சொல்கிறது. கட்சிக்காரரின் சுதந்திரத்தை மதிக்கும் அதே சட்டம்தான் வழக்கறிஞரின் உழைப்பையும் மதிக்கிறது என்ற இந்த அடித்தளத்தை விட்டு விலகும் எந்த ஏற்பாடும் நீதிமன்றத்தில் நிற்காது. பயிற்சியின் பலமும் பலவீனமும் இந்த அளவுகோலிலேயே தெரிந்துவிடுகின்றன.

இரண்டாவது அமர்வு, நியாயமான மதிப்பை எப்படிக் கணக்கிடுவது என்பதைப் பற்றியது. இதில் ஃப்ளோரிடா உச்ச நீதிமன்றம் 1982-இல் தீர்ப்பளித்த ரோசன்பெர்க் எதிர் லெவின் வழக்கை எண்களோடு விளக்கியிருப்பது சிறப்பு. அந்த ஒப்பந்தத்தில் 10,000 டாலர் நிலையான கட்டணம். வசூலாகும் தொகை 6,00,000 டாலரைத் தாண்டினால் தாண்டிய பகுதியில் பாதி. காரணமின்றி வழக்கறிஞர்கள் மாற்றப்பட்டார்கள். வழக்கு பிறகு 5,00,000 டாலருக்குச் சமரசமானது. விசாரணை நீதிமன்றம் வேலையின் மதிப்பு 55,000 டாலர் என்று கணக்கிட்டது. உச்ச நீதிமன்றமோ, ஒப்பந்தம் அனுமதிக்கும் உச்ச அளவைத் தாண்டக்கூடாது என்று சொல்லி அதை 10,000 டாலராக நிறுத்தியது. வழக்கறிஞரை மாற்றியதற்காக, மாற்றாமல் இருந்திருந்தால் தரவேண்டியதைவிட அதிகமாகக் கட்சிக்காரர் தரவேண்டி வந்தால், மாற்றும் உரிமைக்கே அபராதம் விதித்தது போலாகிவிடும் என்பதுதான் காரணம். நியாயமான மதிப்பு என்றவுடன் மணிக்கணக்கைப் பெருக்கிக்கொண்டே போகலாம் என்று நினைப்பவர்கள் இந்தப் பகுதியைக் கட்டாயம் கேட்கவேண்டும்.

பணம் எப்போது கிடைக்கும் என்பதும் இதே அமர்வில் வருகிறது. கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1972-இல் ஃப்ரகாஸே எதிர் பிரென்ட் வழக்கில், வெற்றிக் கட்டண ஏற்பாட்டில் மாற்றப்பட்டவர் நியாயமான மதிப்பைத்தான் பெறலாம் என்றும், அந்தக் கோரிக்கையும் கட்சிக்காரருக்கு வழக்கில் ஏதாவது கிடைத்த பிறகே எழும் என்றும் முடிவு செய்தது. அடுத்து வந்த வழக்கறிஞர் தோற்றுப்போனால் முந்தையவருக்கும் ஒன்றும் இல்லை. நியூயார்க்கின் வழி வேறு. அங்கே புதிய வழக்கறிஞரோடு பங்கு பிரிக்கும்போது, முந்தையவர் உடனடியாக ஒரு நிலையான தொகையைக் கேட்கலாம். அல்லது வழக்கு முடியும்வரை காத்திருந்து, தான் செய்த வேலையின் விகிதத்துக்கு ஏற்ப வெற்றிக் கட்டணத்தில் பங்கு கேட்கலாம். எதையும் தேர்ந்தெடுக்காமல் இருந்துவிட்டால் பங்கையே தேர்ந்தெடுத்ததாகக் கொள்வார்கள் என்று 1993-இல் அங்குள்ள உயர்ந்த நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இந்தத் தேர்வை எந்த வழக்கில் எப்படிச் செய்வது என்று பயிற்றுநர் சற்று நேரம் பேசியிருக்கலாம். விதியைச் சொன்னதோடு நகர்ந்துவிட்டார். பொறுப்பு யாருடையது என்பதில் தகராறே இல்லாத, காப்பீடும் போதுமானதாக இருக்கிற விபத்து வழக்கில் காத்திருப்பதும், சாட்சியம் ஆட்டம் காணும் வழக்கில் உடனே தொகையைக் கேட்பதும் ஒருவருடைய ஆண்டு வருமானத்தையே மாற்றக்கூடிய முடிவுகள்.

மூன்றாவது அமர்வுதான் இந்தப் பயிற்சியின் உயிர். மணிக்கணக்கில் கட்டணம் வாங்குபவர்கள் நேரத்தைக் குறித்துக்கொள்வார்கள். சதவீதத்தில் வாங்குபவர்கள் குறிக்க மாட்டார்கள், ஏனெனில் வழக்கு முடிந்தால் சதவீதம் வந்துவிடும். ஆனால் பாதியில் மாற்றப்பட்ட அன்று சதவீதம் மறைந்து, செய்த வேலையின் மதிப்பு மட்டுமே அளவாகிறது. அந்த மதிப்பை நிறுவ வேண்டிய பொறுப்பும் கேட்பவர் தலையில்தான். பதிவே இல்லாதவர் நினைவிலிருந்து மணிகளைத் திரட்டிக் கொடுத்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் அவற்றை ஒவ்வொன்றாகக் கழித்துவிடுவார். எனவே எந்த வகைக் கட்டணமாக இருந்தாலும் முதல் நாளிலிருந்தே பதிவேடு வைக்கவேண்டும் என்பதே அமர்வின் மையம். இதைப் பொதுப்படையாகச் சொல்லிவிட்டுப் போகாமல் இரண்டு பதிவுகளை அருகருகே திரையில் காட்டுகிறார். ஒன்று, "ஆவணங்கள் பார்த்தது, 4 மணி" என்கிறது. மற்றொன்று, "அறுவைக்கு முன்பும் பின்பும் எடுத்த எம்.ஆர்.ஐ. அறிக்கைகளை ஒப்பிட்டு, இது பழைய காயம் என்ற காப்பீட்டு நிறுவனத்தின் வாதத்துக்கு மறுப்புக் குறிப்பு எழுதியது, 1.4 மணி" என்கிறது. முதல் பதிவில் நான்கு மணி நேரம் இருக்கிறது, ஆனால் அதில் ஒரு பயனும் தெரியவில்லை. இரண்டாவதில் நேரம் குறைவு, ஆனால் அந்த மறுப்பு பிறகு சமரசத் தொகையை எவ்வளவு உயர்த்தியது என்று வாதிட இடம் இருக்கிறது. மாதிரி விதி 1.5, கட்டணத்தின் நியாயத்தை எடைபோட எட்டு அம்சங்களைச் சொல்கிறது. நேரமும் உழைப்பும் அவற்றில் ஒன்றுதான், கிடைத்த பலனும் வேலையின் கடினமும் மற்றவை. அந்த எட்டு அம்சங்களுக்கும் சான்று தரும் விதமாகப் பதிவை எழுதுவது எப்படி என்று இவ்வளவு தெளிவாக வேறெங்கும் நான் கேட்டதில்லை.

அதே அமர்வில் சொல்லப்படும் இன்னொரு பழக்கமும் மதிப்புள்ளது. எதிர்த்தரப்பிலிருந்து சமரசத் தொகை ஒன்று முன்வைக்கப்பட்டால், அதைக் கட்சிக்காரரிடம் தொலைபேசியில் மட்டும் சொல்லாமல், அன்றே கடிதத்திலும் எழுதி அனுப்பவேண்டும். கட்சிக்காரருக்குத் தெரிவிப்பது எப்படியும் வழக்கறிஞரின் கடமை. ஆனால் அந்தக் கடிதம், தான் மாற்றப்பட்ட நாளில் வழக்கு எந்த நிலையில் இருந்தது என்பதற்கான சான்றாகவும் பின்னாளில் நிற்கும்.

இனி குறைக்கு வருகிறேன். நான்காவது அமர்வோடு வரும் மாதிரிக் கட்டண ஒப்பந்தத்தில், கட்சிக்காரர் வழக்கறிஞரை மாற்றினால், வழக்கின் அன்றைய மதிப்பில் உரிய சதவீதத்தை உடனடியாகச் செலுத்தவேண்டும் என்று ஒரு பிரிவு இருக்கிறது. பார்ப்பதற்கு வலுவான பாதுகாப்பாகத் தோன்றும் இந்தப் பிரிவைத்தான் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் 2006-இல் ஹூவர் ஸ்லோவாசெக் எதிர் வால்ட்டன் வழக்கில் மனசாட்சிக்கு ஒவ்வாதது என்று தள்ளியது. அங்கே மாற்றப்பட்ட நிறுவனம் கட்சிக்காரருக்கு 17 லட்சம் டாலருக்குப் பில் அனுப்பியது. கட்சிக்காரருக்குப் பிறகு சமரசத்தில் கிடைத்த தொகையே 9 லட்சம் டாலர்தான். வழக்கில் என்ன கிடைக்கும் என்று தெரியும் முன்பே பணத்தைக் கேட்பது, தோல்வியின் ஆபத்தை முழுவதும் கட்சிக்காரர் மீது தள்ளுகிறது, மாற்றும் உரிமையை வெறும் ஏட்டுரிமையாக்குகிறது என்று நீதிமன்றம் கண்டது. இத்தனைக்கும், காரணமின்றி மாற்றப்பட்டவர் கட்சிக்காரருக்குப் பணம் கிடைத்தபின் ஒப்பந்தச் சதவீதத்தையே கேட்க அனுமதிக்கும் மாநிலம் டெக்சாஸ். வழக்கறிஞருக்கு அவ்வளவு இடம் கொடுக்கும் மாநிலமே ஏற்காத பிரிவை மற்ற மாநிலங்களுக்கான மாதிரியில் வைப்பதில் எந்த நியாயமும் இல்லை. முதல் அமர்வில் இவ்வளவு அழகாக அமைத்த அடித்தளத்துக்கு நேர் எதிராக இந்தப் பிரிவு நிற்கிறது. திரும்பத் தராத முன்பணம் என்ற ஏற்பாட்டை நியூயார்க் நீதிமன்றம் 1994-இல் தடுத்ததையும் இதோடு சேர்த்துப் பேசியிருக்கவேண்டும். அதுவும் மாற்றும் உரிமைக்கு விலை வைக்கும் ஏற்பாடுதான்.

அந்த இடத்தில் என்ன எழுதியிருக்கலாம்? மாற்றப்பட்டால் நியாயமான மதிப்பே கேட்கப்படும், அது ஒப்பந்தச் சதவீதத்தைத் தாண்டாது, பணம் வசூலான பிறகே செலுத்தப்படும், வேலைப் பதிவேடு வைக்கப்படும், கட்சிக்காரர் கேட்கும்போது அதைப் பார்க்கலாம், தகராறு வந்தால் இன்ன இடத்தில் நடுவர் தீர்ப்புக்குப் போகலாம் என்று எளிய சொற்களில் எழுதினால் போதும். அப்படிப்பட்ட பிரிவைக் கட்சிக்காரரும் புரிந்துகொண்டு கையெழுத்திடுவார், நீதிபதியும் மதிப்பார். இதை எழுத நிறுவனத்துக்கு அறிவு இல்லாமலில்லை. மாதிரியை யாரும் அண்மையில் திரும்பப் படித்துப் பார்க்கவில்லை என்றே தோன்றுகிறது.

நான்காவது அமர்வின் மற்றொரு பாதி, பற்றுரிமை பற்றியது; கட்டணப் பாக்கிக்காக ஒரு தொகை அல்லது பொருளின் மீது வழக்கறிஞருக்கு உள்ள உரிமை அது. வழக்கில் கிடைக்கும் தொகையின் மீது வழக்கறிஞருக்கு உள்ள பற்றுரிமை ஒன்று, கையில் உள்ள கட்டைப் பிடித்துவைக்கும் பற்றுரிமை மற்றொன்று. இவ்விரண்டையும் முதலிலேயே பிரித்துக் காட்டியது நன்று. ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் மாறும் நடைமுறையை ஒரே அட்டவணையில் அவசரமாக அடக்கியிருப்பதால், உயிர்நாடியான வேறுபாடுகள் அமுங்கிவிட்டன. நியூயார்க்கில் வழக்கு தொடங்கிய நேரத்திலிருந்தே சட்டப்படி பற்றுரிமை ஒட்டிக்கொள்கிறது. இல்லினாய்ஸில் அதற்கான அறிவிப்பை எதிர்த்தரப்புக்கு முறைப்படி அனுப்பவேண்டும். அதையும் கட்சிக்காரர் மாற்றுவதற்கு முன்பே அனுப்பியிருக்கவேண்டும், பிறகு அனுப்பினால் பற்றுரிமை நிலைபெறாது என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 1979-இல் சொல்லிவிட்டது. கலிஃபோர்னியாவில் மணிக்கணக்குக் கட்டணத்துக்கு எதிர்கால வசூலின் மீது பற்றுரிமை வேண்டுமானால், விளைவுகளை விளக்கி எழுத்து மூலம் கட்சிக்காரரின் சம்மதம் பெற்றிருக்கவேண்டும் என்பது 2004-இன் தீர்ப்பு. ஆக ஓரிடத்தில் ஒன்றும் செய்யாமலே உரிமை இருக்கிறது, ஓரிடத்தில் மாற்றப்படும் முன்பே அறிவிப்பு அனுப்பவேண்டும், ஓரிடத்தில் ஒப்பந்தத்திலேயே எழுதவேண்டும். இதற்குத் தனி அமர்வே ஒதுக்கியிருக்கலாம். மாதிரி அறிவிப்புக் கடிதத்தின் தலைப்பில் "மாற்றப்பட்ட பின் அனுப்புக" என்று போட்டிருப்பது, இல்லினாய்ஸ் வழக்கறிஞர் ஒருவரின் உரிமையையே இழக்கச்செய்யக்கூடிய வழிகாட்டல்.

ஐந்தாவது அமர்வைப் பற்றி மனநிறைவோடு எழுதுகிறேன். கட்டணம் வராத கோபத்தில் கட்டைப் பிடித்துவைப்பதுதான் மாற்றப்பட்ட வழக்கறிஞர்களுக்கு முதலில் தோன்றும் வழி. நியூயார்க் போன்ற சில இடங்களில் அதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. கலிஃபோர்னியாவில் கட்டணம் பாக்கி இருந்தாலும் கட்டைக் கொடுத்தே ஆகவேண்டும். எங்கே இடம் இருந்தாலும், வாய்தா நெருங்கும்போது கட்சிக்காரர் வெறுங்கையோடு நிற்பதற்குக் காரணமானவர் என்ற பெயர், பின்னால் கட்டணத் தகராறில் அந்த வழக்கறிஞரின் நியாயத்தையே கெடுத்துவிடும் என்று பயிற்றுநர் பொறுமையாக எடுத்துச்சொல்கிறார். அதற்குப் பதில் அவர் தரும் முறை இது: நீக்கக் கடிதம் வந்தவுடன் ஒரு பதில், அதில் அடுத்த வாய்தாவும், கெடு முடியும் தேதிகளும், நிலுவையில் உள்ள சமரசத் தொகையும் குறிக்கப்பட்டிருக்கும். கட்டின் முழுப் படியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, மூலத்தைப் பட்டியலோடு ஒப்படைத்து, ஒவ்வொரு உருப்படிக்கும் புதிய வழக்கறிஞரிடம் ஒப்புகை பெறவேண்டும். அந்த ஒப்புகைப் பட்டியலே, என்னென்ன வேலை முடிந்திருந்தது என்பதற்குப் புதிய வழக்கறிஞரின் கையெழுத்தோடு கூடிய சான்றாகிவிடுகிறது. ஐந்து மாதிரி ஆவணங்களில் மிகச் சிறந்தது இந்த ஒப்படைப்புப் பட்டியல்தான். எந்த நாட்டு வழக்கறிஞரும் ஒரு சொல் மாற்றாமல் பயன்படுத்தலாம்.

புதிய வழக்கறிஞருக்கு எழுதும் கடிதமும் பரவாயில்லை. தகராறில் உள்ள தொகையைத் தனியாக வைத்திருந்து, தகராறில்லாத பகுதியை உடனே கொடுத்துவிடவேண்டும் என்ற மாதிரி விதி 1.15-ஐச் சுட்டி, கட்டணப் பகுதியை நம்பிக்கைக் கணக்கிலேயே (பிறர் பணத்தை வழக்கறிஞர் தனியாக வைத்திருக்கும் கணக்கு) நிறுத்திவைக்கும்படி அது கேட்கிறது. கட்சிக்காரரின் பங்கை முடக்காமல் கேட்கிறது என்பதால் எனக்கு இதில் குறை இல்லை.

ஆறாவது அமர்வு மிகச் சுருக்கமானது. வழக்கறிஞரின் தவறால் மாற்றப்பட்டால் என்ன ஆகும் என்பதை ஓரிரு நிமிடங்களில் கடந்துவிடுகிறார்கள். நியூயார்க்கில் அப்படி மாற்றப்பட்டவருக்குக் கட்டணமே இல்லை. கலிஃபோர்னியாவில் காரணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நியாயமான மதிப்புதான் அளவு. இவ்வளவு பெரிய வேறுபாட்டுக்கு இன்னும் நேரம் கொடுத்திருக்கவேண்டும்.

இந்தியாவில் தொழில் செய்யும் வாசகர்கள் இதை வாங்கலாமா என்று கேட்கக்கூடும். பயிற்சி அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பதால், பொருந்துவதையும் பொருந்தாததையும் நானே பிரித்துச் சொல்கிறேன். முதல் இரண்டு அமர்வுகளின் சதவீதக் கணக்கு இங்கே உதவாது. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும் கிடைப்பதில் பங்கு கேட்பதையும் இந்திய பார் கவுன்சில் விதி 20 தடுக்கிறது. விபத்து இழப்பீட்டில் சதவீதம் பேசி வாங்கிய காசோலையை வைத்துத் தொடுத்த வழக்கை 2017-இல் பி. சுனிதா வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததோடு, அப்படிக் கேட்பதே தொழில் ஒழுங்கீனம் என்றும் சொன்னது. கட்டைப் பிடித்துவைக்கும் உரிமையும் இங்கே இல்லை. மத்தியப் பிரதேசக் கூட்டுறவு வங்கி ஒன்றின் சட்ட ஆலோசகர், 97,100 ரூபாய் கட்டணப் பாக்கிக்காகக் கட்டுகளைத் தர மறுத்த ஆர்.டி. சக்சேனா வழக்கில், வழக்குக் கட்டுகள் மீது வழக்கறிஞருக்குப் பற்றுரிமை கிடையாது என்று 2000-இல் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. கட்டணத்தை வசூலிக்க வேறு சட்ட வழிகள் இருக்கின்றன என்றும் அதே தீர்ப்பு காட்டியது. அந்த வழிகளில் முக்கியமானது, கட்டணத்தைத் தனி ஒப்பந்தத்தால் முடிவு செய்யவும் அதற்காக வழக்குப் போடவும் இடம் தரும் 1926-ஆம் ஆண்டின் சட்ட வழக்காடிகள் கட்டணச் சட்டம். அப்படி வழக்குப் போடும் நாளில் மூன்றாவது அமர்வின் பதிவேடும் ஐந்தாவது அமர்வின் ஒப்படைப்புப் பட்டியலும் கையில் இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது. மாற்று வக்காலத்துக்கு ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் அதே நேரத்தில், பாக்கிக் கணக்கையும் ஒரு கடிதத்தில் வைத்துக் கொடுத்து ஒப்புகை பெறுவது இங்கே யாரும் செய்யத்தக்கது.

சேவையின் தரத்தைப் பற்றியும் சில சொற்கள். ஒலிப்பதிவு தெளிவாக இருக்கிறது. ஆனால் வசன வரிகள் வழக்குப் பெயர்களைப் பல இடங்களில் சிதைத்திருப்பதால், தீர்ப்பைத் தேடிப் படிக்க விரும்புபவர்கள் உடன் வரும் கையேட்டையே நம்பவேண்டும். கேள்வி நேரத்தில் பயிற்றுநர் ஒவ்வொரு கேள்விக்கும் எந்த மாநிலம் என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டே பதில் சொன்னார். அந்த ஒழுங்கை நான் மதிக்கிறேன். ஒப்பந்த மாதிரியின் பிரிவைப் பற்றியும், பற்றுரிமை அறிவிப்பின் தலைப்பைப் பற்றியும் டெக்சாஸ், இல்லினாய்ஸ் தீர்ப்புகளைச் சுட்டி எழுதினேன். மரியாதையான பதில் வந்தது, திருத்துவதாகவும் சொன்னார்கள். இதை எழுதும்வரை பழைய ஆவணங்களே தரவிறக்கத்தில் இருக்கின்றன. வாங்குபவர்கள் அந்த இரண்டையும் ஒதுக்கிவைத்துவிட்டு, மூன்றாவது அமர்வை முதலில் பார்த்து, நடப்பில் உள்ள வழக்குகளுக்குப் பதிவேடு தொடங்கிய பிறகு மற்ற அமர்வுகளுக்குப் போவது நல்லது.